விதைநெல் யாருடையது, நிலம் யாருடையது?

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் மாதத்தில் அண்ணலை நினைவுகூரும் மேடைகளில் அவருடைய பெரிய நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் அவர் எழுதிய ஒரு சின்னக் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். 1946இல் புதுதில்லி பிரித்விராஜ் சாலை வீட்டிலிருந்து அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு அதை எழுதினார். நீக்ரோக்களின் பிரச்சினையைத் தான் தொடர்ந்து படித்து வருவதாகவும், தீண்டப்படாதவர்களின் நிலைக்கும் அவர்களுடைய நிலைக்கும் நிறைய ஒற்றுமை இருப்பதாகவும் அதில் சொன்னார். ஐக்கிய நாடுகள் சபைக்கு அமெரிக்கக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதிகளை அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் எழுதினார். உங்கள் பெயரை அறிவேன், இந்தியத் தீண்டப்படாதோர் மீது எனக்கு முழு அனுதாபம் உண்டு, முடிந்த உதவியைச் செய்வேன் என்பது அதன் சாரம்.

அப்போது அண்ணலுக்கு வயது 55, டு பாய்ஸுக்கு 78. இந்தக் கடிதப் போக்குவரத்தை நம் தோழர்கள் பலரும் எடுத்துக்காட்டுவது உண்டு. ஆனால் அந்தக் கடிதம் எப்படிப்பட்ட ஒரு மனிதரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1944இல், டு பாய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழகத்திலிருந்து கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டிருந்தார். தன் வாழ்நாளில் இரண்டு முறை அவர் ஓர் ஆய்வு மையத்தைக் கட்ட முயன்றார். இரண்டு முறையும் அது நிலைக்கவில்லை. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். பல்கலைக்கழகங்களில் ஆய்வு மையம் தொடங்கக் கொடுக்கும் தொகையை ஆங்கிலத்தில் விதைப் பணம் என்கிறார்கள். விதையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விதைநெல்லைப் பண்ணையார் கொடுத்து, பாடுபட்டு விளைவித்து, களத்து மேட்டிலேயே எல்லாவற்றையும் அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் பிள்ளைகள் நாம்.

1

இரண்டு பேருக்கும் முதல் விதை உதவித்தொகையாக வந்தது. அண்ணல் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த, மாதம் பதினொன்றரை பவுண்டு பணத்தில். படித்து முடித்ததும் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது அதற்கான ஒப்பந்தம். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்ட கதை நமக்குத் தெரியும். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் படிக்கவைக்க ஒரு மன்னரால் முடிந்தது. தன் தலைநகரில் அந்தப் படிப்பாளி உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு நாற்காலியையும் படுக்க ஓர் அறையையும் உறுதிசெய்ய முடியவில்லை.

டு பாய்ஸின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. கறுப்பர் கல்விக்கான ஸ்லேட்டர் நிதியத்தின் தலைவராக, முன்னாள் அமெரிக்க அதிபர் ரூதர்ஃபோர்ட் ஹேய்ஸ் இருந்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பத் தகுதியான கறுப்பு இளைஞர் கிடைத்தால் அனுப்பத் தயார் என்ற பொருளில் அவர் பேசியதாகச் செய்தி வந்தது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டு பாய்ஸ் விடாமல் கடிதம் எழுதினார். பாதி நன்கொடை, பாதி கடன் என்ற ஏற்பாட்டில் 1892இல் பெர்லின் போனார். அங்கே முனைவர் பட்டம் பெற இன்னும் கொஞ்சக் காலம் தேவைப்பட்டது. நிதியம் நீட்டிக்க மறுத்தது. 1894இல் திரும்பி, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர்.

1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வாழும் கறுப்பு மக்களை ஆய்வு செய்ய வேண்டும். ஏறத்தாழ 2,500 குடும்பங்களை வீடு வீடாகப் போய்ச் சந்தித்தார். 1899இல் வந்த 'ஃபிலடெல்ஃபியா நீக்ரோ' அமெரிக்க நகரச் சமூகவியலின் முன்னோடி நூல்களில் ஒன்று. ஆனால் அவருடைய பதவி தற்காலிகமானது. வகுப்பு எடுக்கும் வாய்ப்பு இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் வரிசையில் இடம் இல்லை. சேரியைப் பற்றிய தகவல் வேண்டும், அதைத் திரட்டும் கறுப்பர் துறைக்குள் வேண்டாம். இந்த ஏற்பாட்டை அடையாளம் காண நமக்கு விளக்கம் தேவையில்லை.

2

அட்லாண்டா பல்கலைக்கழகம் உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஜார்ஜியா மாநில அரசு அதற்கு ஆண்டுக்கு 8,000 டாலர் மானியம் தந்தது. வெள்ளை ஆசிரியர்களின் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தார்கள். அதை நிறுத்து என்று அரசு சொன்னது. நிறுத்த மறுத்ததால் 1887இல் மானியம் போயிற்று. டு பாய்ஸ் போய்ச் சேர்ந்தது இப்படி, கொள்கைக்காக ஏழையான ஒரு நிறுவனத்தில்.

அங்கே 1896இலேயே நகரங்களில் கறுப்பர் நிலை குறித்த ஆண்டு மாநாடுகள் தொடங்கியிருந்தன. 1897இல் ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளத்தில் வந்த டு பாய்ஸ் அதை ஓர் ஆய்வுக்கூடமாக மாற்றத் திட்டமிட்டார். பத்துத் தலைப்புகள்: உடல்நலம், குடும்பம், தொழில், கைவினை, பள்ளி, கல்லூரி, திருச்சபை, குற்றம் என்று ஆண்டுக்கு ஒன்று. பத்தாண்டு முடிந்ததும் மறுபடி முதல் தலைப்புக்கு வர வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று, அதாவது நூறு ஆண்டுகள். ஒரே மக்களை ஒரே கேள்விகளோடு ஒரு நூற்றாண்டு தொடர்ந்து பார்த்தால் எது மாறுகிறது, எது மாறவில்லை, ஏன் என்று உறுதியாகச் சொல்லலாம் என்பது அவர் கணக்கு. தொடக்க நிதி கேட்கும் விண்ணப்பப் படிவங்களில் இன்று 'நீடித்து நிலைக்கும் திட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நூறு ஆண்டு என்று எழுதிய ஒரு மனிதர் 1897இலேயே இருந்தார். படிவத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

பணம் இல்லாமல் எப்படி நடத்தினார்கள்? அட்லாண்டாவிலும் ஃபிஸ்க் போன்ற பிற கறுப்பர் கல்லூரிகளிலும் படித்து முடித்தவர்கள் தெற்கு முழுவதும் ஆசிரியர்களாகவும் போதகர்களாகவும் மருத்துவர்களாகவும் பரவியிருந்தார்கள். கேள்விப் படிவங்கள் அவர்களுக்குப் போயின. ஊதியம் இல்லாமல் வீடு வீடாகப் போய் நிரப்பி அனுப்பினார்கள். 1898 முதல் 1914 வரை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு நூல் வந்தது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக டு பாய்ஸும் மாணவர்களும் கறுப்பர்களின் நிலவுடைமை, மக்கள்தொகை, கல்வி பற்றிய வரைபடங்களைக் கையால் வரைந்து வண்ணம் தீட்டினார்கள். கையில் பணம் போதாமல் கப்பலின் கீழ்த்தட்டில், ஏழைகள் பயணம் செய்யும் வகுப்பில் போய், அவற்றைக் கண்காட்சியில் நிறுவினார். அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1904இல் அமெரிக்கா வந்த மாக்ஸ் வேபர் அவரிடம் கட்டுரை கேட்டு வாங்கித் தன் இதழில் வெளியிட்டார். 1906இல் கொலம்பியாவின் மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் அட்லாண்டாவுக்கு வந்து உரையாற்றினார். அந்தப் போவாஸின் மாணவர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில்தான், 1916 மே மாதம், அண்ணல் இந்தியாவில் சாதிகள் பற்றிய தன் கட்டுரையைப் படித்தார். உலகத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு நூல் ஓடியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காசு இல்லாமலே சாதித்தார்கள் பாருங்கள் என்று கைதட்டுவது எளிது. நம்மையும் அப்படித்தான் பாராட்டுகிறார்கள். ஊதியமில்லாத உழைப்பால் பதினாறு ஆண்டுகளை ஓட்டலாம், நூறு ஆண்டுகளை ஓட்ட முடியாது. வறுமையைச் சாதனையாகக் கொண்டாடுவது வறுமையை நீடிக்க வைக்கிறவர்களுக்கு வசதி.

3

அதே ஆண்டுகளில் பணம் வேறு எங்கே போயிற்று என்று பார்ப்போம். 1903இல் ஆண்ட்ரூ கார்னெகி, புக்கர் டி. வாஷிங்டனின் டஸ்கீகி நிறுவனத்துக்கு நிரந்தர வைப்பு நிதியாக 6,00,000 டாலர் பெறுமான எஃகு நிறுவனப் பத்திரங்களைத் தந்தார். கறுப்பர்கள் கைத்தொழில் கற்க வேண்டும், வாக்குரிமையும் சம உரிமையும் கேட்டு இப்போது சண்டை வேண்டாம் என்பது வாஷிங்டனின் பாதை. அந்தப் பாதையை டு பாய்ஸ் அதே 1903இல் தன் நூலில் வெளிப்படையாக விமர்சித்தார். கறுப்பர்களுக்குப் பணம் கொடுக்க அமெரிக்க முதலாளிகள் தயாராகவே இருந்தார்கள். தொழிலாளியை உருவாக்கும் பள்ளிக்குக் கொடுத்தார்கள். தொழிலாளி ஏன் இந்த நிலையில் இருக்கிறான் என்று கேட்கும் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கவில்லை.

சிகாகோ பல்கலைக்கழகம் ராக்ஃபெல்லர் பணத்தில் எழுந்தது. அங்கே வில்லியம் தாமஸ், போலந்துக் குடியேறிகளைப் பற்றி ஆய்வு செய்ய ஹெலன் கல்வர் என்ற செல்வந்தரிடமிருந்து 50,000 டாலர் பெற்றார். அதிலிருந்து வந்த ஐந்து தொகுதிகள் சமூகவியலின் செவ்வியல் நூலாயின. டஸ்கீகியில் வாஷிங்டனுக்கு எழுத்து உதவியாளராக இருந்த ராபர்ட் பார்க், பின்னர் சிகாகோவுக்குப் போய் இன உறவுகள் ஆய்வின் தந்தை என்று பெயர் பெற்றார். 1924இல் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஓடம் தொடங்கிய சமூக அறிவியல் ஆய்வு நிறுவனத்துக்கு ராக்ஃபெல்லர் குடும்ப நிதியமே தொடக்க நிதி கொடுத்தது. அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. தெற்கில் முதலில் விதைத்தவர் டு பாய்ஸ். விதைப் பணம் கிடைத்தது ஓடத்துக்கு.

நான் முதுகலைச் சமூகவியல் படித்தபோது சிகாகோ பள்ளி ஒரு முழு அலகு. தேர்வில் இருபது மதிப்பெண் கேள்வியாக வரும். அட்லாண்டா என்ற சொல் அந்தப் பாடத்தில் இல்லை. 2015இல் ஆல்டன் மாரிஸ் அட்லாண்டா ஆய்வுக்கூடத்தை முழுமையாக ஆவணப்படுத்தி நூல் எழுதிய பிறகுதான் எனக்கும் இந்தக் கதை விரிவாகத் தெரிந்தது. நிதி மறுக்கப்பட்ட மையம் முதலில் செயலிழக்கிறது. பிறகு பாடநூலிலிருந்தும் காணாமல் போகிறது. இரண்டாவது இழப்பு நூறு ஆண்டுகளுக்கு நீள்கிறது.

4

1899இல் அட்லாண்டாவுக்கு அருகே சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளி வெள்ளைக் கும்பலால் உயிரோடு எரிக்கப்பட்டார். அந்த விவகாரத்தில் உண்மையை விளக்கி எழுதிய கடிதத்தோடு ஒரு செய்தித்தாள் அலுவலகத்துக்கு டு பாய்ஸ் நடந்துபோனார். வழியில் ஒரு தகவல் கிடைத்தது: சாம் ஹோஸின் விரல் மூட்டெலும்புகள் அந்தத் தெருவிலேயே ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அவர் திரும்பி நடந்தார். தன் மக்கள் எரிக்கப்படும்போது அமைதியான, பற்றற்ற விஞ்ஞானியாக ஒருவரால் இருக்க முடியாது என்றும், தான் செய்துவந்த வகை ஆய்வை வேண்டும் என்று கேட்பவர்களே நாட்டில் இல்லை என்றும் பின்னாளில் எழுதினார்.

1906இல் நடந்தது இன்னும் கசப்பானது. அலபாமா மாநிலம் லௌண்டஸ் மாவட்டத்தில் கறுப்புக் குத்தகை விவசாயிகளின் நிலையை ஆய்வு செய்ய அமெரிக்க அரசின் தொழிலாளர் துறை அவரிடம் பணி ஒப்படைத்தது. மன்ரோ வொர்க், ரிச்சர்ட் ரைட் போன்ற இளம் ஆய்வாளர்களோடு போனார். நிலம், கடன், குத்தகை, குடும்பம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விவரங்கள். வெள்ளை நிலவுடைமையாளர்களின் மிரட்டலுக்கு நடுவே அந்த வேலை நடந்தது. அவர் அங்கே இருந்தபோதுதான் அட்லாண்டாவில் கறுப்பர்கள் மீது வன்முறை வெடித்தது. மனைவியும் மகளும் இருந்த ஊருக்கு ரயிலேறி ஓடினார். பிறகு ஆய்வை முடித்துக் கையெழுத்துப் பிரதியாக அரசுக்குக் கொடுத்தார். அரசியல் விவகாரங்களைத் தொடுகிறது என்று சொல்லி வெளியிட மறுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, அப்படியானால் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டபோது, அதை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது.

பணம் அரசுடையது. அதனால் பிரதியும் அரசுடையது. உயிரைப் பணயம் வைத்துத் திரட்டிய விவரங்கள் அந்த மக்களுக்கும் சொந்தமில்லை, எழுதியவருக்கும் சொந்தமில்லை.

1910இல் அவர் அட்லாண்டாவை விட்டு நியூயார்க் போய், கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் 'கிரைசிஸ்' இதழை நடத்தத் தொடங்கினார். தான் இருப்பதே பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டிய நன்கொடைகளைத் தடுக்கிறது என்று அவர் உணர்ந்திருந்தார். கல்லூரி பற்றிய ஆய்வும் பள்ளி பற்றிய ஆய்வும் கைவினைஞர் பற்றிய ஆய்வும் இரண்டாம் சுற்றில் வந்தன. 1914ஐ ஒட்டி எல்லாம் நின்றுபோயிற்று. நூறு ஆண்டுத் திட்டத்தில் ஒரு சுற்றும் அடுத்த சுற்றின் ஒரு பகுதியும் மட்டும்தான் நிறைவேறின.

1930களில் நண்பர் ஜான் ஹோப்பின் அழைப்பில் அட்லாண்டாவுக்குத் திரும்பி, 66 வயதில் மறுபடி தொடங்கினார். நீக்ரோ கலைக்களஞ்சியம் ஒன்றுக்குத் திட்டமிட்டார். பெரிய நிதியங்கள் கைவிரித்தன. அதே காலத்தில் கார்னெகி நிறுவனம் அமெரிக்கக் கறுப்பர் பிரச்சினையை ஆராய, ஸ்வீடனிலிருந்து குன்னர் மிர்டலை அழைத்து வந்து ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர் செலவிட்டது. வெளியாள் என்றால் நடுநிலையாக இருப்பார், கறுப்பர் என்றால் சார்பு வந்துவிடும் என்ற எண்ணம். பிறகு தெற்கின் கறுப்பர் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தன் மாநிலத்தைத் தொடர்ந்து ஆய்வு செய்யும் கூட்டுத் திட்டம் ஒன்றை டு பாய்ஸ் உருவாக்கினார். 1943இல் அதன் முதல் மாநாடு நடந்தது. 1944இல் அவரை வெளியே அனுப்பினார்கள். அத்தோடு திட்டமும் தேய்ந்து மறைந்தது. 1946 ஜூலையில் அண்ணலுக்குப் பதில் எழுதிய கை இந்தக் கைதான்.

5

நம் மண்ணில் ஆய்வின் பலம் என்ன என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்துக் கணக்கெடுத்து ஓர் அறிக்கை அனுப்பினார். 1892இல் வந்த அரசாணைக்கும் நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் நிலத்துக்கும் அந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம். ஒழுங்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கை லட்சக்கணக்கான ஏக்கர் பற்றிய உரிமைப் பேச்சைத் திறந்துவிட்டது. அந்த நிலம் பின்னர் யார் கைக்குப் போயிற்று என்பது வேறு கதை. ஆய்வு வெறும் காகிதம் இல்லை. அதனால்தான் யார் கேள்வி கேட்பது, யார் பிரதியை வைத்திருப்பது என்பது சண்டைக்குரிய விஷயமாகிறது.

11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதும் பல பல்கலைக்கழகங்களில் சமூக விலக்கல், உள்ளடக்கும் கொள்கை ஆகியவற்றுக்கான ஆய்வு மையங்களைத் தொடங்கியது. தலித்துகள், பழங்குடிகள், மதச் சிறுபான்மையினர் பற்றி ஆராய்வது நோக்கம். நல்ல விதைதான். ஆனால் பதவிகள் திட்டக் காலப் பதவிகள். திட்டம் முடிந்ததும் பல்கலைக்கழகமோ மாநில அரசோ பொறுப்பேற்க வேண்டும் என்பது இத்தகைய மானியங்களின் வழக்கமான ஏற்பாடு. 12ஆவது திட்டம் 2017 மார்ச் 31இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்தாண்டுத் திட்டம் என்ற ஏற்பாடே இல்லை. இம்மையங்களிலும் மகளிரியல் மையங்களிலும் வேலை பார்த்தவர்கள் அடுத்த நீட்டிப்பு வருமா என்று ஆணைக்குக் காத்திருக்கும் நிலை வந்தது. பத்தாண்டு வேலை பார்த்த மையம், அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத மையமாக ஆயிற்று.

நானும் அப்படி ஒரு மையத்தில், பெயர் சொல்லத் தேவையில்லை, பதினோரு மாத ஒப்பந்தத்தில் களப்பணி உதவியாளராக இருந்தேன். வட மாவட்டச் சேரிகளில் வீடு வீடாகப் போய் நிலம், கூலி, கடன், தண்ணீர், சுடுகாட்டுப் பாதை என்று பல பக்கப் படிவத்தை நிரப்பினோம். திட்டம் முடிந்தது. அறையை வேறு துறைக்குக் கொடுத்தார்கள். நிரப்பிய படிவங்கள் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போடப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு போராட்டத்துக்காக அதே ஊருக்குப் போனபோது ஒரு பெரியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்: "ஏம்மா, அன்னைக்கு எல்லாத்தையும் எழுதினு போனியே, அது இன்னா ஆச்சு?"

என்னிடம் பதில் இல்லை. நாங்கள் அழிக்கவில்லை, யாரும் அழிக்கவில்லை, ஆனாலும் இல்லை என்று எப்படிச் சொல்வது? லௌண்டஸ் மாவட்டத்து மக்களும் யாரிடமாவது இப்படிக் கேட்டிருப்பார்கள்.

6

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் சில முடிவுகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மையம் என்றால் பதவி. கட்டடமும் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் மையம் ஆகாது. எந்த அரசு எந்த நிதி அறிவித்தாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை நிரந்தரப் பேராசிரியர் பணியிடம், அதில் இட ஒதுக்கீடு உண்டா என்பதுதான். மூன்றாண்டுத் தொடக்க நிதியை வாங்கும்போதே, நான்காம் ஆண்டுச் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டஸ்கீகிக்குக் கிடைத்தது நிரந்தர வைப்பு நிதி. அட்லாண்டாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் கையேந்தல். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள்? 2023இல் சட்டமாகிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியே, தொழில்துறையிடமிருந்தும் நன்கொடையாளரிடமிருந்தும் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். தனியார் பணம் வரட்டும். கையால் மலம் அள்ளுவதையும் பஞ்சமி நில ஆக்கிரமிப்பையும் ஆணவக் கொலையையும் ஆராய எந்த நிறுவனம் பணம் தரும்? அந்தக் கேள்விகளுக்குப் பொதுப்பணம் தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது, பிரதி நம்மிடமும் இருக்க வேண்டும். எந்த ஊரில் தகவல் திரட்டினாலும், தனிமனிதர்களின் அடையாளம் நீக்கிய ஒரு தொகுப்பு அந்த ஊரின் படிப்பகத்துக்கு வந்து சேர வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. லௌண்டஸ் அறிக்கைக்கு இன்னொரு பிரதி ஏதாவது ஓர் ஊர்ப் பள்ளியில் இருந்திருந்தால், வாஷிங்டனில் அழித்தது வீணாகியிருக்கும்.

நான்காவது, அட்லாண்டாவின் பலம் அங்கே படித்துப் போனவர்கள். நம்மில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கிறார்கள். ஒரே கேள்விப் படிவத்தைப் பத்து மாவட்டங்களில், பத்தாண்டுக்கு ஒருமுறை நிரப்ப நம்மால் முடியும். பல்கலைக்கழகத்தின் மீதான நம் உரிமையை விட்டுக்கொடுக்காமலே இதையும் செய்யலாம். 1945இல் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதிய அதே 1946இல். அரசிடம் உரிமையோடு கேட்பதும், நமக்கென்று நிறுவனம் கட்டுவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்களாக இருந்தன.

அந்தப் பெரியம்மாவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு இதே மேடையில் அவர் ஊரின் கணக்கையாவது அச்சிட்டுக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று சில தோழர்கள் பேசியிருக்கிறோம். உங்களில் யாருக்கு நேரம் இருக்கிறதோ, கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.